உலக்கை நிற்கும் நாள் எது? – வாசகர் கேள்வி பதில்

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில், ஊர்ப் பழக்கங்களையும் வீட்டுப் பொருள்களையும் வைத்து அறிவியல் நடத்துவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். ஆய்வுக்கூடம், கருவி எதுவும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, அரூர் வட்டாரம்

தராசிலிருந்து தொடங்குங்கள். எதை அளந்தாலும் அது வேண்டும். ஐந்து வகுப்புக்கும் ஒரே தராசு போதும்.

இரண்டு, மூன்று செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் உள்ள நேரான மூங்கில் பிளாச்சு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று துளை போட வேண்டும். இரு முனைகளிலும் அகலத்தின் நடுவில் ஒவ்வொன்று. நடுத்துளை மட்டும் மையக்கோட்டிலிருந்து அரை செ.மீ. மேலே இருக்கட்டும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நடுத்துளை கீழே போய்விட்டால் தராசு ஒரு பக்கம் கவிழ்ந்து அப்படியே கிடக்கும். ரொம்ப மேலே போனால் ஐந்து கிராம் வைத்தாலும் அசையாது.

தட்டுக்குக் கொட்டாங்கச்சி. கண் இல்லாத பாதியை இரண்டு தேங்காயிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று துளையிட்டு, ஒரே நீளச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டும் ஒரே எடை இருக்காது. இலேசான பக்கத்தின் அடியில் களிமண் ஒட்டிச் சமன் செய்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

எடைக்கல்லைக் கடையில் வாங்க வேண்டாம். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு கிடைக்கும். 5 மில்லி தண்ணீரின் எடை 5 கிராம். ஒரே மாதிரியான இரண்டு பாட்டில் மூடிகளைத் தட்டுக்கு ஒன்றாக வைத்து, ஒன்றில் 5 மில்லி தண்ணீர் விடுங்கள். சமமாகும்வரை மற்றதில் மணல் போடுங்கள். அந்த மணலைப் பொட்டலம் கட்டினால் 5 கிராம் கல் தயார். அதை வைத்து இன்னொரு 5 கிராம், இரண்டையும் சேர்த்து 10, பிறகு 20, 40. இந்த நான்கு பொட்டலத்தில் (5, 10, 20, 40) ஐந்தின் மடங்காக 75 கிராம் வரை எந்த எடையையும் நிறுக்கலாம். எப்படி என்பதை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் பிழையும் கூடும். ஆகவே 40 கிராம் பொட்டலத்தை எட்டு சிரிஞ்சுத் தண்ணீரோடு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது கனம், எது இலேசு என்பது போதும். மற்றவர்களுக்குப் படியையும் ஆழாக்கையும் கொண்டுவந்து காட்டுங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஓர் ஆழாக்குப் பொரியும் ஓர் ஆழாக்கு உப்பும் ஒரே எடையா என்று கேட்டு, எல்லாரும் ஊகத்தைச் சொன்ன பிறகு, ஒரு பொட்டலம் உப்புக்கு எத்தனை கை பொரி ஈடாகிறது என்று நிறுத்துப் பார்க்கச் செய்யுங்கள். கோபுரமாக அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்ற சண்டை தானாக வரும், வரட்டும்.

ஓர் எச்சரிக்கை. அந்தக்காலத்துப் பொற்கொல்லர் எடை என்று குன்றிமணியை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. மஞ்சாடி விதை போதும். நான்கு விதை ஏறக்குறைய ஒரு கிராம் வரும்.

கேள்வி: மஞ்சள் தடவிய காகிதத்தில் எலுமிச்சைச் சாறு விட்டோம், புளித்தண்ணீர் விட்டோம், ஷாம்பு விட்டோம். நிறம் மாறவே இல்லை. மஞ்சள்தூளில் கலப்படமா?
– இடைநிலை ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

தூள் மீது பழி போட வேண்டாம். மஞ்சள் காரத்துக்கு மட்டுமே சிவக்கும். அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவப்பது இதனால்தான். பாடத்தை ஆரத்தியிலிருந்தே தொடங்கலாம். ஷாம்பு பெரும்பாலும் நடுநிலையானது, காரம் இல்லை. துணி துவைக்கும் கட்டி சோப்பைக் கரைத்து விடுங்கள், உடனே செம்பழுப்பாகும்.

காகிதம் செய்ய, இரண்டு தேக்கரண்டி மஞ்சளைத் தண்ணீரில் நீர்த்த கூழாகக் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

புளிப்பைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, காகிதத்தை சோப்புத் தண்ணீரால் சிவக்கவைத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுவது. சொட்டு விழுந்த இடம் மறுபடி மஞ்சளாகும். பிள்ளைகள் இதை மாயம் என்பார்கள். இன்னொரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுத் திரும்பச் சிவக்கவைத்துக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கும். இரண்டாவது வழி செம்பருத்தி. ஐந்தாறு சிவப்பு இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். புளிப்பு பட்டால் இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சை.

சுண்ணாம்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குழைத்த சுண்ணாம்பையோ சுண்ணாம்பு டப்பாவையோ பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் முந்தைய நாளே கரைத்துவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து ஆசிரியரே சொட்டு விடுங்கள். தவறிக் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: கிரகணத்தின்போது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால் தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்று எங்கள் ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். மூடநம்பிக்கை என்று சொன்னால் பெற்றோர் கோபப்படுகிறார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.
– தலைமை ஆசிரியர், வேடசந்தூர் பகுதி

நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. கிரகணம் இல்லாத ஒரு புதன்கிழமை பார்த்து உலக்கையை நிறுத்துங்கள்.

ஊரிலிருந்து மூன்று உலக்கை வாங்கிவாருங்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும், அடிப்பூணின் குறுக்களவையும் பிள்ளைகள் அளந்து எழுதட்டும். தாம்பாளத்தில் விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றினால் தளம் சாய்வா என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஆழமாக இருந்தால் காகிதம் மடித்து முட்டுக் கொடுங்கள். ஒருவர் உலக்கையின் மேற்பகுதியை இரு கையாலும் பிடிக்க, இன்னொருவர் கொத்தனாரின் தூக்குக்குண்டை எதிரே பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னிருந்து ஒருமுறை, பக்கத்திலிருந்து ஒருமுறை. பிறகு விரல்களை மெல்ல விலக்குங்கள். ஓர் உலக்கைக்குப் பத்து முறையாவது, ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நின்றதா, விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், விழுந்ததையும் விடாமல்.

விழுவதற்குக் காரணங்கள் உண்டு. பூண் ஒரு பக்கம் தேய்ந்து உருண்டிருக்கும். மின்விசிறி ஓடும். கையை எடுக்கும்போது ஒரு பக்கம் தள்ளிவிடும். ஐந்தடி உயரமும் 5 செ.மீ. அடியும் உள்ள உலக்கை ஏறக்குறைய இரண்டு டிகிரி சாயும்வரைதான் தாங்கும். அதாவது அதன் தலை 5 செ.மீ. விலகினால் போதும், விழுந்துவிடும். இவ்வளவு குறுகிய இடம் என்பதால்தான் சாதாரணமாக நிற்காது என்று தோன்றுகிறது. கிரகண நாளில் மட்டும் ஊரே பொறுமையாக உட்கார்ந்து நிறுத்திப் பார்க்கிறது. மற்ற நாளில் யார் முயன்றார்கள்?

வயதான பாட்டி ஒருவரையே அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள். உலக்கை பிடித்த கை அது, உங்களைவிட விரைவாக நிறுத்திவிடுவார். பள்ளி அவரை மறுத்ததாகவும் இருக்காது, அவர் கண்ணால் கண்டதாகவும் இருக்கும். அடுத்த கிரகணத்தன்று அதே உலக்கை, அதே தாம்பாளம், அதே ஆள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, முடிவைப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழையுங்கள்.

உலக்கை விழுந்தால் கால்விரல் போகும். உலக்கையின் உயரத்தையே ஆரமாக வைத்துச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, பிடிக்கும் இருவரைத் தவிர எல்லாரையும் வெளியே நிறுத்துங்கள்.

கிரகண நாளில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்க வேண்டாம், சூரியனை நேராகப் பார்க்கவும் விட வேண்டாம். சல்லடையை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனைத் தரையில் காட்டும். உங்கள் மாவட்டத்திலேயே 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது மரநிழலுக்கு இடையே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் வளையங்களாக இருந்தன.

கேள்வி: மண்பானைத் தண்ணீர் குளிரும் என்று காட்ட ஐப்பசியில் சோதனை செய்தோம். எவர்சில்வர் குடத்துக்கும் பானைக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஏன்?
– ஆசிரியை, வேதாரண்யம்

கடலோரம், ஐப்பசி, மழை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சி இல்லை. பங்குனி, சித்திரையில் திரும்பச் செய்யுங்கள்.

எந்த நாளிலும் சோதனைக்கு முன் ஒன்று பாருங்கள். ஆய்வக வெப்பமானி இரண்டை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்று பானையால் எட்டக்கூடிய உச்சம். அது இரண்டு டிகிரிதான் என்றால் சோதனையை ஒத்திவையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவே 35 டிகிரிக்கு மேல்தான் தொடங்கும்.

குடத்தோடு ஒப்பிட்டதும் சரியில்லை. பொருள், வடிவம், கொள்ளளவு எல்லாமே மாறுகின்றன. ஒரே சூளையில் சுட்ட ஒரே அளவுப் பானை இரண்டு வாங்கி, ஒன்றின் வெளிப்புறத்தில் எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். பூசாததை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். இரண்டிலும் இரண்டிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, காற்றோட்டமான நிழலில் செங்கல் மேல் வையுங்கள். 10, 12, 2, 4 மணிக்குத் தண்ணீரைக் கலக்கிவிட்டு அளவெடுங்கள். மாலையில் எதில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்றும் அளந்து பாருங்கள். குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்குத்தான் சாட்சி. வெளியே வெள்ளையாக உப்புப் பூத்த பழைய பானையை எடுக்காதீர்கள், அதன் நுண்துளைகள் அடைபட்டிருக்கும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குக் கோடிங் சொல்லித்தர விருப்பம். பள்ளியில் இருக்கும் ஒரே கணினியும் பழுது. கோலத்தை வைத்துச் சொல்லித்தரலாம் என்கிறார்களே, அது வெறும் பேச்சா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திருவையாறு பக்கம்

பேச்சு இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆழம் உங்கள் வகுப்புக்கு வேண்டாம். வழி மட்டும் அதுவே.

முதலில் எண்ணிக்கை. 3 புள்ளி 2 வரை இடுக்குப் புள்ளிக் கோலத்தில் 7 புள்ளி. 5 புள்ளி 3 வரையில் 19. 7 புள்ளி 4 வரையில் 37. கூடுவது 12, பிறகு 18. அடுத்த கோலம் 9 புள்ளி 5 வரை என்றால் எத்தனை? வைத்துப் பார்க்காமலே 61 என்று சொல்லும் பிள்ளைக்கு விதி பிடிபட்டுவிட்டது.

பிறகு சிக்குக் கோலம். இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். ஒருவரிடம் சிறிய கோலம் இருக்கும், மற்றவரிடம் புள்ளி மட்டும். கோலம் வைத்திருப்பவர் கட்டளை சொல்ல, மற்றவர் அதன்படி வரைய வேண்டும். நான்கு கட்டளைக்கு மட்டுமே அனுமதி: நேராகப் போ, வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, புள்ளியைச் சுற்று. கட்டளை சொல்பவர் வேறு எதுவும் பேசக் கூடாது. முதல் முறை எல்லாருடைய கோலமும் கோணலாகும். வலம் என்றால் யாருடைய வலம் என்பதில் குழப்பம் வரும். தாளின் வலப்பக்கமா, போய்க்கொண்டிருக்கும் கோட்டின் வலப்பக்கமா? சிறிய காகித அம்பு ஒன்றைக் கோட்டின் முனையில் நகர்த்தச் சொல்லுங்கள். அம்புக்கு எது வலமோ அதுதான் வலம். எந்தக் கட்டளையில் பிசகியது என்று பின்னோக்கிப் போய்த் தேடவையுங்கள். கணினிக்காரர்கள் நாளெல்லாம் செய்வது அதைத்தான். கடைசியாக, ஒரே கட்டளைத் தொகுதி நான்கு மூலையிலும் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து, ‘இதை நான்கு முறை செய்’ என்று சுருக்கச் சொல்லுங்கள்.

பையன்களையும் போடச் சொல்லுங்கள். சாமி படத்துக்கு முன் போட வேண்டாம். கரும்பலகையிலும் நோட்டிலும் போட்டால் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தயக்கம் இராது.

கேள்வி: பாடநூல் முறைப்படி 12 மணிக்கு நிழல் அளந்தோம். 12.20க்கு இன்னும் குட்டையாக இருந்தது. கடிகாரம் தவறா?
– ஆசிரியர், சிவகாசி

கடிகாரம் சரி. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு நெடுவரைக்குக் கணக்கிட்டது. சிவகாசி அதற்கு மேற்கே 4.7 டிகிரி தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 19 நிமிடம் பிந்தித்தான் உங்கள் ஊருக்கு உச்சி. அதுவும் ஆண்டு முழுக்க ஒன்றாக இராது. பிப்ரவரி நடுவில் 12.33 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.02க்கே வந்துவிடும். ஆகவே 11.45 முதல் 1 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, எது குட்டை என்று பிள்ளைகளே தேடட்டும்.

உங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரை முதல் நாளை ஒட்டி. அன்று உச்சியில், கவிழ்த்துவைத்த டம்ளருக்கு நிழலே இராது. மதுரைக்கு இரண்டு நாள் கழித்து, சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில். ஆகஸ்ட் கடைசியில் உங்களுக்கு இன்னொரு முறை வரும். நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், கோல் நட்டு நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கயிறிட்டதாக வருகிறது. நிழலை அளந்து முடித்த பிறகு அதைச் சொல்லுங்கள். முன்பே சொன்னால் ‘அந்தக்காலத்திலேயே தெரியும்’ என்ற பெருமையில் அளப்பது மறந்துபோகும்.

தூக்குக்குண்டால் கோல் செங்குத்தா என்று பார்க்காமல் தொடங்காதீர்கள். ஒரு மீட்டர் கோல் ஒரு டிகிரி சாய்ந்தாலே தலை கிட்டத்தட்ட 2 செ.மீ. விலகும்.

கேள்வி: குயவர், தச்சர், பறை அடிப்பவர் என்று பள்ளிக்கு வரவழைத்துப் பாடம் நடத்துவது குலக்கல்வியை வேறு பெயரில் கொண்டுவருவது ஆகாதா?
– பெற்றோர், உளுந்தூர்பேட்டை

நியாயமான அச்சம். 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. எதிர்ப்பு வலுத்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளையைப் பிறப்போடு கட்டிப்போட்டதுதான் அதன் கோளாறு. அதனால் வகுப்பில் மூன்று விதிகளைக் கறாராக வையுங்கள். ‘உன் அப்பா என்ன தொழில்’ என்ற கேள்வியே வரக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையையும் தொட வேண்டும். வரும் கலைஞர் நாற்காலியில் உட்கார வேண்டும், அன்றைய கூலிக்குக் குறையாத தொகையும் தர வேண்டும்.

பறையைத் தவிலோடும் மிருதங்கத்தோடும் ஒரே நாளில் ஒரே மேசையில் வையுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்த தோல் தளரும், ஒலி தாழும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகும், ஒலி கூர்மையாகும். காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டையும் செல்போனில் பதிவு செய்து அடுத்தடுத்து ஓட்டுங்கள். தோலின் மேல் கடுகு தூவினால் எங்கே அதிர்கிறது என்று தெரியும். மிஞ்சிக் காய்ச்சினால் தோல் கிழியும் என்பதால் நெருப்பு வேலை முழுவதும் கலைஞரின் கையில்தான். சாவுக்கு அடிப்பதைப் பள்ளிக்குள் கொண்டுவராதே என்று யாராவது வந்தால், தளர்ந்த தோல் எந்த வாத்தியத்தில் இருந்தாலும் ஒலி தாழத்தான் செய்யும் என்பதை அவருக்கும் கேட்கக் காட்டுங்கள்.

கேள்வி: பல்லாங்குழியை அறிவியல் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது?
– ஆசிரியை, மேலூர்

சேர்க்க வேண்டாம். அது அருமையான எண்ணுப் பயிற்சி, கணக்கிலேயே இருக்கட்டும்.

கேள்வி: இட்லி மாவு பொங்குவதை வைத்து நுண்ணுயிர்ப் பாடம் நடத்தினோம். மறுநாள் வரை மாவு அசையவே இல்லை.
– ஆசிரியர், கோத்தகிரி

குளிர். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை இதமான வெப்பம். உங்கள் வகுப்பறையில் இரவில் அது ஏது? ஆனால் அதுவே உங்களுக்குச் சமவெளிப் பள்ளிகளுக்கு இல்லாத வசதி. புதிதாக அரைத்த மாவை ஒரே மாதிரியான மூன்று கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு வரை ஊற்றி, மட்டத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். ஒன்று மேசை மேல். இன்னொன்று வைக்கோல் திணித்த பெட்டிக்குள், வெந்நீர் பாட்டிலோடு. மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கூடுதலாகக் கலந்து அதையும் பெட்டிக்குள். காலையில் வளையத்துக்கு மேல் எத்தனை செ.மீ. ஏறியது என்று ஸ்கேலால் அளங்கள். பெட்டி மாவு ஏறவில்லை என்றால் வெந்நீர் சீக்கிரம் ஆறியிருக்கும், மாலையில் ஒருமுறை மாற்றிவையுங்கள்.

வெளிவரும் வாயுவைக் காட்ட வேண்டுமானால் கால் பங்கு மாவு விட்ட பாட்டிலின் வாயில் பலூனை மாட்டுங்கள். மூடி போட்டு இறுக்காதீர்கள், பாட்டில் வெடிக்கும்.